அரக்கனுக்கு மனம் எப்படித் தெரியும்?

(நீண்ட பதிவு. ஆய்வேட்டுக்குத் தொடர்பில்லாதது என்று தொடங்கினேன். முடிக்கும்போது அவ்வாறு சொல்ல இயலவில்லை.)

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை செம்பூரில் நான் குடியிருக்கும் வீட்டுக் கூடத்தில் நால்வர் வட்டமாக அமர்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடிக்கொண்டிருந்தனர். கதையை நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஆட்டம் தமிழில்தான். விதிநூல் ஆங்கிலம், அதை நான் உடனுக்குடன் தமிழில் சொல்வேன். அன்று அவர்கள் எதிர்கொண்ட உயிரி 'ராக்ஷசா'. அது தாராவியிலிருந்து வந்திருந்த மாணவி ஏற்ற பாத்திரத்தின் மனத்தைப் படித்து, அவளுடைய இறந்துபோன தந்தையின் உருவில் கதவருகே நின்றது. இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் பகடையைக் கையில் எடுத்தவள் உருட்டாமல் கேட்டாள்: "அக்கா, அரக்கனுக்கு என் மனசுல இருக்கிறது எப்படித் தெரியும்? அவன் வாயைத் திறக்கவே இல்லையே?"

"விதியில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி ஆட்டத்தை நகர்த்தினேன். மொழியியல் படித்தவள் சொல்லக்கூடிய விடை அன்று. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதும், அந்த வரலாறு இதே பம்பாய் வழியாகச் செல்கிறது என்பதும் பிறகுதான் எனக்குப் புலப்பட்டன. இப்பதிவு அதைப் பற்றியது.

இவ்வாட்டத்தை அறியாதோருக்குச் சில சொற்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியான ஆட்டம் இது. பலகை கட்டாயமில்லை. ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, தாம் செய்வதைச் சொல்வர். செய்கை பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். உயிரிகளின் ஆற்றல்கள் எல்லாம் விதிநூலில் எண்ணும் சொல்லுமாக எழுதப்பட்டிருக்கும். கதவை உடைப்பது, வாள் வீசுவது போன்றவற்றுக்கு விதி எழுதுவது எளிது. ஓர் உயிரி இன்னொருவரின் மனத்துக்குள் புகுவதற்கு விதி எழுதுவது எப்படி? ஐம்பது ஆண்டுகளாக இவ்வாட்டத்தின் ஆசிரியர்கள் இதற்குத் திரும்பத் திரும்ப விடை எழுதி, திரும்பத் திரும்ப அழித்திருக்கிறார்கள்.

முதலில் ராக்ஷசா. இது ஆட்டத்துக்குள் வந்தது 1975 டிசம்பரில், அந்நிறுவனம் நடத்திய 'ஸ்ட்ராட்டஜிக் ரெவியூ' என்ற இதழின் ஐந்தாம் எண்ணில். வான்மீகியிலிருந்து நேரே வந்ததாக நினைப்போம். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1974 டிசம்பர் 20 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. அதில் வரும் ராக்ஷசன், தன் இரையின் கண்ணுக்கு அந்த இரை மிகவும் நம்பும் ஒருவரின் உருவில் தோன்றுவான். மந்திரித்த குறுவில் அம்பு ஒன்றுதான் அவனைக் கொல்லும். ஆட்டத்தின் ராக்ஷசாவுக்கும் இவ்விரு கூறுகளும் அப்படியே உண்டு. 1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் டேவிட் டிராம்பியர் வரைந்த புலித்தலையும் கையில் புகைக்குழாயும் சேர்ந்த பிறகு, உலகெங்கும் இவ்வாட்டம் ஆடுவோருக்கு ராக்ஷசன் என்றால் அந்த உருவம்தான்.

இங்கே ஒரு தருக்கச் சிக்கல் எழுகிறது. எதிரில் வரும் முன்பின் அறியாத ஒருவர் மிகவும் நம்பும் முகம் எது என்பது அரக்கனுக்கு எப்படித் தெரியும்? தொலைக்காட்சிக்கு இது சிக்கலன்று. காட்சி மாறினால் போதும். விதிநூலுக்குக் காரணம் வேண்டும். ஆகவே, மாயையில் வல்ல அந்த உயிரிக்கு 'ஈ.எஸ்.பி.' என்ற ஆற்றலும் தரப்பட்டது. புலன்வழியல்லாத அறிவு என்று பொருள்படும் மூன்று எழுத்துகள். முதலில் மனத்தைப் படி, பிறகு உருவத்தை மாற்று. அந்த மாணவி கேட்டது, இந்த ஒட்டுப்போட்ட இடத்தைத்தான்.

ஆனால் அதே காலத்தில் ஆட்டத்தின் இன்னொரு மூலையில் இதைவிடப் பெரிய கட்டுமானம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. 1976இல் 'எல்ட்ரிட்ச் விசர்ட்ரி' என்ற துணைநூல் 'சயானிக்ஸ்' என்ற பெயரில் மன ஆற்றல்களுக்கென்று தனி விதித்தொகுதியை முன்வைத்தது. மந்திரத்திலிருந்து முற்றிலும் வேறான ஒன்றாக அது கருதப்பட்டது. ஆற்றல் புள்ளிகளால் அளக்கப்பட்டது. தாக்கும் முறைகள் ஐந்து, காக்கும் முறைகள் ஐந்து. எதிரி எதைத் தேர்ந்தான், நாம் எதைத் தேர்ந்தோம் என்று அட்டவணையில் கட்டம் பார்த்து இழப்பைக் கணக்கிட வேண்டும். தாக்குமுறைகளின் பெயர்களில் பிராய்டின் 'ஈகோ'வும் 'இட்'டும் வெளிப்படையாகவே இடம்பெற்றன. மனிதப் பாத்திரத்துக்கு இந்த ஆற்றல் வாய்ப்பது அரிதாகத்தான். 1977இன் நூலில் உயிரி ஒவ்வொன்றுக்கும் 'சயானிக் ஆற்றல்' என்று ஒரு வரியே உண்டு. பெரும்பாலானவற்றுக்கு அதில் 'இல்லை' என்று இருக்கும். இருந்தவற்றில் தலையாயது 'மைண்ட் ஃப்ளேயர்': முகத்தில் நான்கு உணர்கொடுக்குகள் தொங்கும், மூளையைத் தின்னும் உயிரி. அது வீசும் மன அதிர்வு கூம்பு வடிவில் அறுபது அடி தூரம் பாயும். மனத்தை அடியால் அளந்த நூல் வேறு உண்டா என்று தெரியவில்லை. நான் அதை முதன்முதல் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தத் தொகுதியில் எனக்குப் பிடித்த நுட்பம் வேறு. மன ஆற்றலைப் பயன்படுத்துவதே ஆபத்து. எண்ணத்தை உண்ணும் உயிரிகள், மூளையில் ஒட்டும் நுண்ணுயிரிகள் என்று ஒரு கூட்டமே அந்நூலில் உண்டு. நீங்கள் ஆற்றலைப் பயன்படுத்தினால் அதன் வாடை பிடித்து அவை வரும். ஆனால் ஆடுவோர் பலருக்கு அட்டவணைகள் சுமையாயின. 1991இல் தனி நூல், 2001இல் மற்றொன்று, 2004இல் அதன் விரிவு என்று விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒரே வெட்டாக வெட்டியது. உயிரிகளின் மன ஆற்றல் இப்போது மந்திரந்தான். ஒரே ஒரு வேறுபாடு: மந்திரத்துக்கு வேண்டிய உறுப்புகள் அதற்கு வேண்டியதில்லை.

அந்த உறுப்புகள் மூன்று: சொல், கையசைவு, பொருள். நம் மரபினர் மந்திரம், முத்திரை, திரவியம் என்று உடனே கண்டுகொள்வர். மைண்ட் ஃப்ளேயரின் குறிப்பில், அது எந்த உறுப்புமின்றி இவற்றைச் செய்யும் என்று எழுதியிருக்கிறது. வாய் அசையாது, கை அசையாது, கையில் எதுவும் இராது. நாற்பது ஆண்டுக்கால அட்டவணைகளைச் சலித்து, 'மன ஆற்றல்' என்பதன் சாரம் என்று ஆசிரியர்கள் கடைசியில் எடுத்து வைத்தது இதைத்தான். மந்திரத்திலிருந்து மொழியைக் கழித்தால் எஞ்சுவது மன ஆற்றல். ஒரு மொழியியல் மாணவியால் இந்தக் கழித்தலைக் கடந்து செல்ல முடியவில்லை.

மொழியைக் கழிக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது யாருக்கு? இங்கேதான் பம்பாய் வருகிறது.

1879 பிப்ரவரி 16 அன்று ஹெலனா பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் பம்பாயில் வந்திறங்கினர். நான்காண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் அவர்கள் தோற்றுவித்த பிரம்மஞான சபை, 1882 டிசம்பரில் சென்னை அடையாற்றுக்குப் பெயரும் வரை இந்நகரிலிருந்தே இயங்கியது. முதலில் கிர்காவ், பிறகு பிரீச் கேண்டி. 'தியாசஃபிஸ்ட்' இதழ் 1879 அக்டோபரில் இங்கிருந்துதான் வெளிவரத் தொடங்கியது. யோக சித்திகள், நுண்ணுடல், தொலைவிலுள்ள மகாத்மாக்கள் மனத்தோடு மனமாகத் தரும் செய்திகள் ஆகியவை ஆங்கிலம் வாசிக்கும் உலகத்தில் பேசுபொருளானதில் இந்தச் சபைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆட்டத்திலுள்ள 'ஆஸ்ட்ரல்' என்ற சொல்லை மக்கள் வழக்காக்கியவர்களும் இவர்களே.

அதே 1882இல் லண்டனில் உளவியல்பு ஆய்வுக் கழகம் தோன்றியது. பெயர் தமிழில் நான் வைத்தது. அவர்கள் ஆவியையும் எண்ணப் பரிமாற்றத்தையும் அறிவியல் முறையில் சோதிக்கப் புறப்பட்டவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் அக்கழகத்தின் பிரெடரிக் மையர்ஸ் 'டெலிபதி' என்ற சொல்லை உருவாக்கினார்; கிரேக்கத்தில் தொலைவு, உணர்வு என்ற இரு சொற்களின் கூட்டு. நம் 'தொலையுணர்வு' அதன் நேர் பெயர்ப்பு. தந்திக் கம்பிகள் கடலடியில் ஓடத் தொடங்கிய காலம் அது. மனத்தையும் ஒரு தந்தி நிலையமாகக் கண்டனர் என்பது என் ஊகம். இவ்விரு அமைப்புகளும் நேரடியாக மோதியும் கொண்டன: கழகம் ரிச்சர்ட் ஹாட்சனை 1884இல் அடையாற்றுக்கு அனுப்பியது, மறு ஆண்டு வெளியான அறிக்கை அங்கு நிகழ்ந்த அற்புதங்களை மோசடி என்றது.

இந்த மோதலின் மையத்தில் இருந்தது ஒரு நடைமுறைச் சிக்கல். இருவர் மனத்தோடு மனம் பேசினர் என்று நிறுவ வேண்டுமானால், அவர்கள் வேறு எவ்வழியிலும் பேசவில்லை என்று முதலில் நிறுவ வேண்டும். எனவே சோதனை என்பதே தடுப்புகளின் வரிசையாயிற்று. சொல்லைத் தடு; கண்சாடையைத் தடு; உதட்டசைவை, இருமலை, நாற்காலியின் கிறீச்சொலியைத் தடு. எல்லாவற்றையும் தடுத்த பிறகும் ஏதேனும் கடந்து சென்றால் அதற்குப் பெயர் டெலிபதி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் இதைச் செம்மையாக்கினார். ஐந்து குறிகள், இருபத்தைந்து சீட்டுகள். குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக ஐந்து சரியாகும், அதற்கு மேல் தொடர்ந்து போனால் கவனி. அவருடைய நூல் 1934இல் 'எக்ஸ்ட்ரா சென்சரி பெர்செப்ஷன்' என்ற தலைப்பில் வந்தது. ஈ.எஸ்.பி. என்ற சுருக்கம் அதிலிருந்து பரவியது. அவருடைய முடிவுகளைப் பிறரால் மீண்டும் பெற முடியவில்லை. அறிவியல் அவற்றை ஏற்கவில்லை. ஏற்றவை அறிவியல் புனைகதை இதழ்கள். 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்பல் இதில் பெருவிருப்பமுடையவர். 'சயானிக்ஸ்' என்ற சொல் 1950களின் தொடக்கத்தில் அவ்விதழில்தான் வேரூன்றியது. அந்த இதழ்களை வாசித்து வளர்ந்த தலைமுறை 1974இல் ஓர் ஆட்டத்தை எழுதியபோது, இரண்டாம் நிலை மந்திரங்களின் பட்டியலில் 'ஈ.எஸ்.பி.' என்றே ஒன்றைச் சேர்த்தது. ஆய்வுக்கூடத்தின் சொல், சூனியக்காரனின் பையில். 2000இல்தான் அதற்கு 'எண்ணம் அறிதல்' என்ற பொருளில் வேறு பெயர் வைத்தனர்.

(இடையில் ஒன்று. ரைன் மனத்தால் பகடையின் விழுகையை மாற்ற முடியுமா என்றும் ஆண்டுக்கணக்கில் சோதித்து 1943இல் வெளியிட்டார். அவர் மனத்தை அளக்கப் பகடை உருட்டினார். நாங்கள் செம்பூரில் மனத்துக்குள் புகப் பகடை உருட்டுகிறோம்.)

ஆக, மைண்ட் ஃப்ளேயரின் மௌனத்துக்குக் காரணம் ஆய்வுக்கூடத்தின் திரை. மோசடியைத் தவிர்க்க மொழியை வெளியே நிறுத்திய ஒரு சோதனை ஒழுங்கு, நாளடைவில் ஆற்றலின் இலக்கணமாகவே மாறிவிட்டது. சோதிப்பவனின் நிபந்தனை, சோதிக்கப்படும் பொருளின் இயல்பாயிற்று. இப்படியொரு மாற்றம் நம் ஆய்வுத்துறைகளில் நடப்பதில்லையா என்று வாசிப்போர் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

எண்வகைச் சித்திகளோடு ஆட்டத்தின் பட்டியலை ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். 1978இன் விதிநூலில் மன ஆற்றலாக உடல் சுருங்குதல் உண்டு, அணிமா. உடல் பெருத்தல் உண்டு, மகிமா. எடையிழந்து மிதத்தல் உண்டு, இலகிமா. பிறரை வசப்படுத்தல் உண்டு, வசித்துவம். இதிலிருந்து "எல்லாம் நம்மிடமிருந்து போனது" என்று கிளம்பும் பதிவுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் எனக்கு நம்பிக்கையில்லை. பட்டியல்கள் ஒத்திருப்பது கடனுக்குச் சான்றாகாது. மனிதன் ஆசைப்படும் ஆற்றல்கள் எந்த ஊரிலும் ஏறத்தாழ இவையே. பிரம்மஞான சபை வழியாகச் சில சொற்கள் கடந்தன என்பது வரையில் சொல்லலாம். அதைவிட முக்கியமானது, கடந்து செல்லும்போது எது கழன்று விழுந்தது என்பது.

விழுந்தது சொல். தொல்காப்பியம் செய்யுளியலில் மந்திரத்தை வரையறுக்கும்போது அதை ஒரு மொழியாகவே வரையறுக்கிறது: சொல் பிழையாத பெரியோர் ஆணையாகக் கூறும் மறைவான கூற்று. வரமும் சாபமும் பேச்சுச் செயல்கள். இரணியன் பெற்ற வரம் ஒரு சட்டவரைவு போன்றது. இன்னதால் இல்லை, இன்ன இடத்தில் இல்லை என்று அடுக்கி, எதைச் சொல்லாமல் விட்டானோ அதனால் அவன் அழிந்தான். ஆட்டத்தின் உயிரிக் குறிப்பை முதன்முதல் படித்தபோது எனக்கு நினைவு வந்தது இந்த வரந்தான். 1977இன் ராக்ஷசாவை எட்டாம் நிலைக்குக் கீழ்ப்பட்ட மந்திரம் தொடாது, சாதாரண ஆயுதம் தொடாது. மந்திரித்த குறுவில் அம்பு மட்டும் கொல்லும். கேட்டவன் மறந்த ஒன்று எப்போதும் வெளியே நிற்கிறது.

கம்பனின் அரக்கர்களைப் பாருங்கள். வான்மீகியின் சூர்ப்பணகை தன் உருவோடே இராமன் முன் வருகிறாள்; கம்பனின் சூர்ப்பணகை திருமகளை மனத்தில் எண்ணி, மந்திரத்தின் துணையால் அழகிய வடிவம் கொள்கிறாள். மாரீசன் பொன்மானாக வந்தது பாதிச் சூழ்ச்சி. மறுபாதி, இறக்கும்போது இராமன் குரலில் அவன் எழுப்பிய ஓலம். சீதையைக் குலைத்தது அந்தக் குரல். இந்திரசித்து நிகும்பலையில் வேள்வி செய்ய வேண்டியிருந்தது. அது முடியுமுன் இலக்குவன் வந்து கெடுக்க முடிந்தது. சொல்லும் பொருளும் காலமும் தேவைப்படும் ஆற்றலை இடைமறிக்கலாம். ஆட்டத்திலும் வாயடைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அது சூனியக்காரனைத் தடுக்கும், மைண்ட் ஃப்ளேயரிடம் செல்லாது.

மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர், பாட்டியோடு இராமாயணச் சொற்பொழிவுகளுக்குப் போய் வளர்ந்தவர். மறுவாரம் அவர்தான் நினைவூட்டினார்: "அப்பா உருவத்துல வந்த அரக்கன் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கானே." மாயாசனகப் படலம். வான்மீகியில் இராவணன் சீதைக்குக் காட்டுவது இராமனின் வெட்டுண்ட தலை போன்ற மாயத்தலை. கம்பன் யுத்த காண்டத்தில் வேறொன்றை வைக்கிறான். மருத்தன் என்ற அரக்கன் சனகனின் உருவெடுத்து, கட்டுண்டவனாகச் சீதைமுன் கொண்டுவரப்படுகிறான். அவள் தந்தையென்றே நம்பிக் கதறுகிறாள். பிறகு அந்தச் சனகன் பேசுகிறான்: இராவணனுக்கு இணங்கிவிடு. சீதை கொதித்தெழுகிறாள், இவை என் தந்தை பேசும் சொல்லா என்று பழிக்கிறாள்.

இதை ஆட்டத்தின் மொழியில் எழுதிப் பார்த்தேன். உருவ மாயை பலித்தது. அங்கே அவள் உருட்டிய பகடை தோற்றது. ஆனால் மாயையின் பயன் இணங்க வைப்பது. அதற்குப் பேச வேண்டும். பேசிய இடத்தில் அவள் வென்றாள். கண்ணை ஏமாற்றியவனால் காதை ஏமாற்ற முடியவில்லை. சனகனின் முகம் எப்படியிருக்கும் என்று அறிய அரக்கர்களுக்கு மனம் படிக்கும் ஆற்றல் வேண்டியிருக்கவில்லை. மிதிலை மன்னன் யாருக்குத் தெரியாது? அவர்களுக்குத் தெரியாமல் போனது, அவன் தன் மகளிடம் எப்படிப் பேசுவான் என்பது.

இனி எங்கள் மேசைக்கு. ஆட்டத்தைத் தமிழில் நடத்தத் தொடங்கியபோது நான் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. ஆங்கிலத்தில் கதைநடத்துநர் 'நீ ஒரு மனிதனைப் பார்க்கிறாய்' என்ற அமைப்பில் சொல்வார். பார்ப்பவன் எழுவாய், அவன் செய்வது பார்த்தல். தமிழில் நாக்கு இயல்பாகவே வேறு வழியில் போகிறது: 'உனக்கு ஒருவர் நிற்பது தெரிகிறது.' நிற்பது எழுவாய். நீ நான்காம் வேற்றுமை. தெரிதல், தோன்றுதல், புரிதல், நினைவு வருதல், பயம் வருதல் எல்லாம் இப்படித்தான். மனத்தில் நிகழ்பவற்றுக்குத் தமிழில் மனிதன் பெரும்பாலும் செய்பவன் அல்லன். வந்து சேரும் இடம். மராத்தியின் 'மலா வாட்டதே'யும் இதே அமைப்பு. தெற்காசிய மொழிகள் பலவற்றின் பொதுக்கூறு இது. மேலும், 'தெரிகிறது' என்பது கண்ணுக்குப் புலப்படுவதையும் அறிவுக்குப் புலப்படுவதையும் ஒருசேரக் குறிக்கும். ஆகவே, 'கதவருகே உன் அப்பா நிற்பது உனக்குத் தெரிகிறது' என்று நான் சொன்னால், அது உண்மையா, மாயையா, அரக்கன் வைத்த எண்ணமா என்று அந்த வாக்கியத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நான் பொய்யும் சொல்லவில்லை. மாயையை விவரிக்க இதைவிட நேர்மையான வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆட்கொள்ளும் ஆற்றலுக்கு வந்தபோது வேற்றுமை உருபு மாறியது. 'அது உன்னைப் பிடித்தது' என்றேன், யோசிக்காமலே. பேய் பிடித்தது என்போம். அருள் வந்தது, சாமி இறங்கியது என்போம். உருபு ஊருக்கு ஊர் சற்று மாறும். ஆயினும் பிடிப்பதும் வருவதும் வேறு வேறு என்பதில் மாற்றமில்லை. தாராவி மாணவி இதைத் தன் குலதெய்வக் கொடையில் பார்த்தவள். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவள் சொன்னது: "சாமி வந்தா பேசும் அக்கா. பேய் பிடிச்சாலும், யார் நீன்னு கேட்டுப் பேச வைப்பாங்க. பேசினாத்தான் போகும்." பேய் தன் பெயரையும் ஊரையும் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது பேயோட்டும் சடங்கின் நடுவான பகுதி. அங்கே மனம் பறிபோகும்போதும் மொழி பறிபோவதில்லை. கேட்கவும் விடை சொல்லவும் ஓர் இடம் திறந்திருக்கிறது.

அவள் இன்னொன்றும் கேட்டாள். ராக்ஷசாவின் குறிப்பில் அறநிலை என்ற இடத்தில் 'தீயது' என்று அச்சிட்டிருக்கிறதே, பிறக்கும்போதே அப்படியா என்று. அப்படியானால் வீடணனை எங்கே வைப்பது என்று மாட்டுங்காக்காரர் சேர்ந்துகொண்டார். உத்தர காண்டத்திலேயே இச்சொல்லுக்கு வேறு கதை உண்டு: நீரைக் காக்கப் பிரமன் படைத்த உயிர்களில் 'காப்போம்' என்றவர்கள் ராக்ஷசர் ஆயினர். வேர்ச்சொல் காத்தலைக் குறிப்பதே. ஜோதிராவ் புலே 1873இன் 'குலாம்கிரி'யில் இதைக் கூர்மையாக்கி, மண்ணைக் காத்தவர்களை வென்றவர்கள் சூட்டிய பழிப்பெயர் அது என்றார். தமிழில் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் தடை செய்யப்பட்டது, 1971 வரை. தாராவியில் வளர்ந்தவளுக்கு இவை புத்தகச் செய்திகள் அல்ல. பிறர் மனத்தைக் கேளாமலே படிக்கும், பேசாமலே ஏமாற்றும், பிறப்பிலேயே தீய ஓர் இனம் என்ற குறிப்பை அவள் ஆட்ட விதியாக மட்டும் படிக்கவில்லை. நானும் இப்போது அப்படிப் படிப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் அந்நிறுவனம் பிறப்போடு அறநிலையை ஒட்டும் வழக்கத்தைத் தளர்த்தி வருகிறது, தாமதமானாலும் நல்லது.

கடைசியாக ஒரு திருத்தம். என் பிழையைப் பற்றியது. மறுவாரம் 2014 விதிநூலை மீண்டும் எடுத்து வரிவரியாகப் படித்தேன். மைண்ட் ஃப்ளேயருக்கு எந்த உறுப்பும் வேண்டியதில்லை என்று இருக்கிறது அல்லவா? ராக்ஷசாவுக்கு அப்படி இல்லை. பொருள் உறுப்பு மட்டும் வேண்டியதில்லை என்றே இருக்கிறது. எண்ணம் அறியும் மந்திரத்தின் பொருள் உறுப்பு ஒரு செப்புக்காசு. காசு கொடுத்து ஒருவரின் எண்ணத்தைக் கேட்கும் ஆங்கில வழக்கின் மேல் கட்டிய சிலேடை அது. அரக்கனுக்கு அந்தச் சிலேடை விலக்கு. சொல்லும் கையசைவும் விலக்கப்படவில்லை. அதாவது விதிப்படியே ராக்ஷசா வாயைத் திறக்க வேண்டும். ஆசிரியர்கள் எண்ணி எழுதினார்களா, கைப்பழக்கத்தில் எழுதினார்களா, அறியேன். 'மந்திரம்' என்ற பக்கத்தில் வைத்தார்கள். சொல் தானாகவே கூட வந்துவிட்டது.

அவளிடம் சொன்னேன். "அதான் நான் அன்னிக்கே கேட்டேன்" என்றாள். அந்தக் காட்சியைத் திரும்ப ஆடினோம். இம்முறை அரக்கன் கதவுக்கு அப்பால் முணுமுணுப்பது உனக்குக் கேட்கிறது என்றேன். பிறகு அப்பாவின் உருவம். அவள் உருட்டினாள், தோற்றாள். அப்பா நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் "மகளே, வா" என்றார். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பா என்னை மகளேன்னு கூப்பிட மாட்டார்" என்று சொல்லி வாளை எடுத்தாள். எந்தப் பகடையை உருட்டச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உருட்டச் சொல்லவுமில்லை.

தமிழில் இவ்வகை ஆட்டங்களை நடத்துவோர் இதை வாசித்தால், நீங்கள் மாயையையும் ஆட்கொள்ளலையும் எந்த வினைச்சொற்களால், எந்த வேற்றுமையில் சொல்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். நெல்லை, யாழ்ப்பாண, மலேசிய வழக்குகள் எனக்குக் குறிப்பாக வேண்டும். பேச்சுவழக்கில், சொன்னது சொன்னபடியே எழுதினால் போதும், செம்மைப்படுத்த வேண்டாம்.